மோகனுக்குப் போட்ட நாற்காலி

ரோகிணி ஜாக்கியைத் திருகி இறக்கினாள். வராண்டாவின் கான்கிரீட் கூரையைத் தாங்கி நின்ற இரும்பு முட்டு அது. தரதரவென்று இழுத்து உள்ளே போட்டாள். அது நின்ற இடத்தில் சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலியை வைத்து, துணியால் துடைத்தாள்.

ஜாக்கியைக் கழற்றச் சொன்னது மோகன்தான். காலையில் போன் செய்திருந்தான்.

"பாப்பா, வூடு கட்டப் போற பார்ட்டி ஒண்ணு இட்டாரேன், உங்க வூட்ட காட்டணும். அந்த ஜாக்கிய கயட்டி உள்ள போட்டுடு. பாத்தா இன்னா நெனப்பாங்க?"

"அம்மா நைனாவ செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்கி இட்டுகினு போய்க்கீதுண்ணே. நான் மட்டும்தான் கீறேன்."

"நீ போதும். நல்லா கட்டிக் குடுத்தாருன்னு ஒரு வார்த்த சொல்லு. அடுத்த மாசம் எல்லாத்தியும் இடிச்சிட்டு புச்சா போட்டுத் தரேன்."

அவன் எப்போதும் சொல்லும் அந்த அடுத்த மாசம் இன்னும் வந்தபாடில்லை. நாற்காலி மட்டும் அவளுடைய யோசனை.

மோகனின் கார் கண்ணாடியில் 'இன்ஜினியர் மோகன்' என்று ஒட்டியிருக்கும். எங்கே படித்தாய் என்று ஒருவரும் கேட்கவில்லை. அம்மா அந்த ஸ்டிக்கரை நம்பியே வேலையைக் கொடுத்துவிட்டாள். நல்ல தண்ணீர் லாரிக்குச் சொல்லாமல், கடலோரத் திருவிடந்தையில் இந்த வீட்டு போர்வெல்லில் வந்த உப்புத் தண்ணீரிலேயே அவன் கலவை போட்டான். இரண்டு மழைக்காலம் தாங்கியது. பிறகு ஒரு காலையில், டீ குடித்துக்கொண்டிருந்த அப்பாவின் தோளில் கூரை பெயர்ந்து விழுந்தது. கம்பெனி வேன் ஓட்டியவர் இப்போது சட்டை மாட்டவே அம்மாவைக் கூப்பிடுகிறார். மோகன் எட்டிப் பார்க்கவில்லை. ஒரு பெயிண்டரை அனுப்பி, பட்டி பார்த்து, நீலம் அடித்து மூடிவிட்டான்.

அதற்குப் பிறகுதான் அம்மா திருப்போரூரிலிருந்து ஜெனிட்டாவை வரவழைத்தாள். அவள் நிஜமாகவே படித்த இன்ஜினியர். சுத்தியல் பிடியால் கூரையைத் தட்டினாள். காலி டப்பாவைத் தட்டியது போலக் கேட்டது.

"உள்ள கம்பி துருப்பிடிச்சு வீங்கிடுச்சு. அதான் சிமென்ட்டை வெளிய தள்ளுது. இடிக்கிற வரைக்கும் இந்த ஜாக்கி நிக்கணும். கீழே யாரும் உட்காரக் கூடாது."

அந்தக் கடைசி வார்த்தையை ரோகிணி மனதுக்குள் பத்திரமாக வைத்திருந்தாள். மோகன் அங்கே உட்கார வேண்டும். அப்பா அலறிய மாதிரி அலற வேண்டும். அதற்கு அப்புறம் என்ன என்பதை அவள் நினைக்கவில்லை.

கார் வந்தது. கூலிங் கிளாஸோடு மோகன் இறங்கினான். பின்னால் கல்பாக்கத்தில் வேலை செய்யும் பாலாவும், நிறைமாதமாக அவன் மனைவி ஸ்ரீதேவியும்.

"வாங்கண்ணே. உங்களுக்குன்னே சேர் போட்டு வெச்சிக்கீறேன், உக்காருங்க."

சிரித்துக்கொண்டே வந்தவன் மேலே பார்த்தான். நீலப் பெயிண்டைத் தாண்டி ஒரு துருக்கறை படர்ந்திருந்தது, நடுவில் வெடிப்பு. சிரிப்பு நின்றது. நகர்ந்து கொண்டான்.

"அப்பாடா, காலெல்லாம் வீங்கிப் போச்சு" என்று ஸ்ரீதேவி வந்து அதில் உட்கார்ந்துவிட்டாள்.

ரோகிணி மோகனைப் பார்த்தாள். அவனுக்குத் தெரியும். சொல்லிவிடுவான்.

"கிரில்லு பாருங்க சார், எப்டி கீது!" என்றான் மோகன்.

ஸ்ரீதேவியின் தோளில் ஒரு சிட்டிகை மண் உதிர்ந்தது. தட்டிவிட்டுக்கொண்டாள்.

"அக்கா, எயுந்துருங்க!" ரோகிணி அவள் கையைப் பிடித்து வாசலுக்கு இழுத்துவிட்டாள்.

"இன்னா பாப்பா, மருவாதி தெரியாது?" மோகன் அதட்டினான்.

"அது உங்க சேர்ண்ணே. நீங்க கட்ன வூடுதானே? உக்காருங்க."

"எனக்கு முதுகுவலி. நின்னுக்கறேன்."

"கார்ல உக்காந்துகினுதானே வந்தீங்க?"

பாலா கூரையைப் பார்த்தான், நாற்காலியைப் பார்த்தான். "உட்காருங்க மோகன். ஒரு நிமிஷம்தானே."

மோகன் கழுத்தைத் துடைத்தபடி வெயிலுக்கு இறங்கினான். "பொண்ணு வெளாடுது சார். கோவளத்துல ஒரு சைட்டு கீது, அத்த பாக்கலாம்."

"நீங்க உட்கார மாட்டேங்கறீங்க. தெரிஞ்சும் என் பொண்டாட்டியை ஏன் உட்கார விட்டீங்க?"

மோகன் கூலிங் கிளாஸைக் கழற்றி, பாலாவைப் பார்க்காமல் துடைக்க ஆரம்பித்தான். இந்த முகத்தைப் பார்க்கத்தான் ரோகிணி இத்தனை நாள் காத்திருந்தாள். பார்த்தாள். ஆனால் கண் அதில் நிற்கவில்லை. வயிற்றில் கை வைத்து நின்ற ஸ்ரீதேவியிடமே போனது. பாலா அந்தக் கேள்வியைத் தன்னிடமும் கேட்டிருக்கலாம் என்று அவளுக்குத் தோன்றியது.

மோகனின் கார் காலியாகத்தான் திரும்பியது. ரோகிணியிடம் ஜெனிட்டாவின் நம்பரை வாங்கிக்கொண்டு பாலாவும் ஸ்ரீதேவியும் பஸ் ஸ்டாப்புக்கு நடந்தார்கள். "நல்ல பொண்ணும்மா நீ" என்று ஸ்ரீதேவி அவள் கன்னத்தைத் தொட்டுவிட்டுப் போனாள்.

ரோகிணி நாற்காலியைத் தள்ளிவிட்டு ஜாக்கியை நிறுத்தினாள். முறுக்கிக்கொண்டிருக்கும்போது அம்மாவின் போன்.

"ஜாக்கி அப்டியே கீதா டீ?"

"கீதும்மா."

ஜாக்கி கூரையில் இறுக முட்டியது, அதற்கு மேல் திருகு நகரவில்லை. அவள் முறுக்கிக்கொண்டே இருந்தாள்.