அக்கா பக்கத்துக் கதவு

கோந்து என்று கூப்பிட்டால் யாருக்கும் கோபம் வர வேண்டும். இவனுக்கு வராது. எந்தத் தகரத்தையும் எந்தத் தகரத்தோடும் ஒட்டிவிடுவான் என்பதால் தொழிலில் கிடைத்த பெயர் அது. பழைய கார்களின் பாடி வேலை அவனுடையது. எஞ்சின் பக்கம் தலைவைத்துப் படுக்கமாட்டான்.

அவனுடைய கொட்டகைக்கு அத்தானின் கார் ஒரு கதவு இல்லாமல் வந்து சேர்ந்தது. டிரைவருக்குப் பக்கத்து முன்கதவு, அதாவது அக்கா உட்காரும் பக்கம்.

நடந்தது இதுதான். அக்கா கதவைத் திறந்து சீட்டில் பையை வைத்தாள். குடை ஞாபகம் வர, திரும்ப வீட்டுக்குள் போனாள். பை விழுந்த சத்தத்தை மனைவி உட்கார்ந்த சத்தமாக எடுத்துக்கொண்டு அத்தான் ரிவர்ஸ் எடுத்தார். திறந்திருந்த கதவு கேட் தூணில் மாட்டி, தாளை மடித்த மாதிரி முன்பக்கம் மடங்கிக் கழன்று வந்துவிட்டது. குடையும் கையுமாக வாசலில் நின்ற அக்கா சத்தம் போடாமல் சொன்னாள்.

"பையையே கூட்டிக்கிட்டுப் போங்க. நான் பஸ்ல வர்றேன்."

அன்றிலிருந்து பஸ்தான். கடைசியில் தம்பி கோந்துவை வைத்துக்கொண்டு ஒரு முடிவு சொன்னாள்.

"கதவு வரட்டும். இந்தக் கையால தள்ளிப் பார்ப்பேன். படார்னு அடிச்சுச் சாத்துற கதவா இருந்தா, வண்டியை வித்துடணும்."

அவளுக்கு இடது மணிக்கட்டு ஒருமுறை முறிந்து சேர்ந்தது; முழுதாக மடங்காது. அத்தான் தலையாட்டினார். பள்ளிக்கூடத்தில் உடற்பயிற்சி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். இப்போது உடம்பு மட்டும் மிச்சம், பயிற்சி போய்விட்டது. அந்தக் காரைக் கழுவுவது ஒன்றுதான் காலையில் அவர் குனிகிற சந்தர்ப்பம்.

அந்த மாடலுக்குக் கதவு எங்கேயும் அகப்படவில்லை. பழைய இரும்புக்கடையில் அதே கம்பெனியின் பிந்தைய மாடல், பின்பக்கம் நீண்ட பெட்டி வண்டி ஒன்று கிடந்தது. அதன் முன்கதவை அத்தானே கட்டிப்பிடித்துத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"பாரு மாப்ளே, அச்சு அசல் அதேதான்!"

"இடுப்புக்குக் கீழே அதேதான் அத்தான். மேலே பாருங்க. அதோட கூரை உசரம், ஜன்னல் நிமிர்ந்து நிக்குது. நம்ம வண்டி ஜன்னல் சாய்ஞ்சு உட்காரும்."

"அப்போ?"

"உங்க கதவோட தலை, இதோட உடம்பு."

அப்படியே செய்தான். மடங்கிய கதவில் ஜன்னல் சட்டம் மட்டும் தப்பியிருந்தது. அதை அறுத்தெடுத்து, புதுக் கதவின் ஜன்னலை வெட்டிவிட்டு அதன் இடத்தில் வைத்துப் பற்றவைத்தான். தகரம் சூட்டில் கோணாமல் இருக்க இங்கே ஒரு பொட்டு, அங்கே ஒரு பொட்டு, நடுவில் டீ. பூட்டு நாக்கு ஒரு விரல் மேலே இருந்தது. காரின் கதவுத் தூணிலிருந்த கொக்கியை அதற்கேற்ப ஏற்றினான். அரத்தால் ராவி முடித்தபோது ஒட்டு எங்கே என்று அவனுக்கே தடவித்தான் தெரிந்தது. கொஞ்சம் தலைக்கனமும் வந்தது. ரப்பரெல்லாம் ஒட்டி, கீலை முடுக்கி, அக்காவை வரச்சொன்னான்.

அக்கா வந்தாள். ஒற்றை விரலால் தள்ளினாள். கதவு 'டக்' என்று போய் உட்கார்ந்தது. அத்தானுக்குப் பூரிப்பு தாங்கவில்லை.

"நான் சொல்லலை? என் மாப்ளே யாரு! ஏறு, ஏறு. ஒரு சுத்துப் போயிட்டு வரலாம்."

அவர் ஸ்டீயரிங் முன்னால் உட்கார்ந்தார். வண்டி ஒரு பெருமூச்சு விட்டு இறங்கிக் கொடுத்தது. அக்காவும் ஏறிக் கதவை இழுத்தாள். கதவு தூணில் இடித்துத் திரும்பி வந்தது. மறுபடி இழுத்தாள். மணிக்கட்டு வலித்திருக்க வேண்டும், கையை உதறினாள். பிறகு பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"பஸ்ஸுக்கு நேரமாச்சுடா."

அத்தான் ஸ்டீயரிங்கைப் பார்த்தபடி இருந்தார். கோந்துவுக்கு முகத்தில் ஈயாடவில்லை. ஒட்டின் அழகில் மயங்கி அடிப்படையை விட்டுவிட்டான். அந்த வயசுக் கார் காலியாக நிற்கும்போது ஒரு உடம்பு, ஆள் ஏறினால் இன்னொரு உடம்பு. பழைய கதவு இந்த இரண்டு பேர் பாரத்துக்கே தேய்ந்து பழகியது. வந்த கதவுக்கு இவர்களை யாரென்றே தெரியாது.

"அக்கா, இறங்காதே. ரெண்டு பேரும் அப்படியே உட்காருங்க."

"உட்கார்ந்து?"

"சும்மா உட்காரு. அதுதான் வேலை."

ஸ்பானரை எடுத்துக்கொண்டு கீலருகில் மண்டியிட்டான். கீலைத் தளர்த்துவதும், கதவுக்கடியில் மரக்கட்டையை வைத்து நெம்புவதும், சந்தில் அட்டைத் துண்டைச் செருகிப் பார்ப்பதுமாக இருந்தான். உள்ளே இருவருக்கும் பார்க்கச் சுவர் ஒன்றுதான் இருந்தது.

"அந்தப் பை உங்ககிட்ட ஏதாவது பேசிச்சா?" என்றாள் அக்கா.

"பேசலை. நீயும் சில நாள் பேசாம வருவே. அதான் வித்தியாசம் தெரியலை."

கோந்து உதட்டைக் கடித்துக்கொண்டு கட்டையை நெம்பினான்.

"திரும்பிப் பார்த்திருக்கணும்" என்றார் அத்தான். "நீ கதவுக்கிட்ட நின்னிருந்தா?"

அக்கா மடியிலிருந்த பையைப் பின்சீட்டுக்கு மாற்றினாள்.

"அத்தான், நிமிர்ந்து உட்காராதீங்க. எப்பவும் சாய்வீங்களே, அப்படிச் சாயுங்க" என்றான் கோந்து. கடைசி போல்ட்டை முடுக்கிவிட்டு நகர்ந்தான். "இழு அக்கா."

அக்கா இரண்டு விரலால் இழுத்தாள். சத்தமே இல்லாமல் கதவு போய் ரப்பரில் படிந்தது.

இருவரும் இறங்கிய பிறகு அத்தான் வெளியிலிருந்து தள்ளிப் பார்த்தார். மேல்மூலை இடித்து நின்றது.

"என்ன மாப்ளே, காலியா இருந்தா சாத்தமாட்டேங்குதே!"

"சாத்தும். லேசாத் தூக்கிச் சாத்தணும்."

"நான் தனியா ஓட்டிக்கிட்டுப் போறதுன்னா?"

"இறங்கி, சுத்தி வந்து, தூக்கிச் சாத்திட்டுப் போங்க. வேணும்னா ரெண்டுக்கும் நடுவுல வெச்சுத் தர்றேன். ரெண்டும் சுமாரா இருக்கும்."

அத்தான் மனைவியைப் பார்த்தார். அக்கா கதவின் ஒட்டைத் தேடித் தடவிக்கொண்டிருந்தாள்.

"நான் ஏறாம இது ஒழுங்காச் சாத்தாதா?"

"சாத்தாது."

"அப்போ கை வைக்காதே. இப்படியே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு ஏறி உட்கார்ந்தாள். "என்னங்க, நின்னுக்கிட்டே இருக்கீங்க? கிளம்புங்க."

அத்தான் சுற்றிப் போய் ஏறினார். சாவியைத் திருகுவதற்கு முன்னால் கழுத்தைத் திருப்பி, பக்கத்து சீட்டை நன்றாக ஒரு தரம் பார்த்துக்கொண்டார்.