மேல்வீட்டுக் குழாய்ச் சத்தம்

...அவசரம் என்றால் எது அவசரம், அதை மட்டும் சுவரில் ஒட்டியிருக்கும் இந்த அறிவிப்புத் தாளில் யாரும் எழுதவில்லை, என்று நினைத்துக்கொண்டு இஸ்க்ரா, கட்டடத்தின் கீழ்வாசலில் கைபேசியோடு நின்றாள், விரலெல்லாம் சுட்ட குடைமிளகாயின் கரி, அடுப்பை அணைத்தோமா, அணைத்தோம். உயிருக்கு ஆபத்து என்றால் 112, புகார், விசாரிப்பு, தொலைந்துபோன அடையாள அட்டை என்றால் வட்டாரக் காவல் நிலையத்தின் எண். மேல்வீட்டுப் பெங்கோ இதில் எதில் வருவார்? எழுபத்திரண்டு வயது மனிதர் எட்டு மணிக்கு ரொட்டி வாங்க இறங்கவில்லை, கதவைத் தட்டினால் பதில் இல்லை, வர்னா நகரத்தில் இருக்கும் மகளைப் பார்க்கப் போயிருக்கலாம்... போகிறவர் ரேடியோவை அணைக்காமலா போவார், உள்ளே பாடிக்கொண்டிருக்கிறதே. மூன்று வருடம் முன்பு அவருடைய வாஷிங் மெஷின் உடைந்து தன் சமையலறைக் கூரை ஒழுகியபோது பதற்றத்தில் 112க்குத்தான் அடித்தாள், “தண்ணி ஒழுகறதுக்கெல்லாம் இந்த நம்பர் இல்லம்மா” என்று அங்கே ஃபோனை எடுத்த பெண் கடிந்துகொண்டது இன்னும் காதில் இருக்கிறது. பெங்கோ அதைக் கட்டடம் முழுக்கச் சொல்லிச் சிரித்தார், “வாளி வைக்க வேண்டிய எடத்துல போலீஸ வைக்கப் பாத்தா மகராசி!” அன்றோடு பேச்சு நின்றது, யார் நிறுத்தியது, அதுவும் ஞாபகமில்லை.

அப்புறம் அந்தத் தட்டல். நேற்றுச் சாயங்காலம் குழாயில் டொக் டொக்கென்று, விட்டுவிட்டு, தன்னைச் சீண்டத்தான் செய்கிறார் என்று கரண்டியை எடுத்து அதே குழாயில் ஓங்கி நாலு போட்டாள், நின்றுவிட்டது, ஜெயித்த மாதிரிகூட இருந்தது. இன்று காலை மிளகாயின் தோலை உரிக்கும்போதுதான், சத்தம் குளியலறைப் பக்கத்திலிருந்து அல்லவா வந்தது என்று தோன்றியது, தோன்றிய பிறகு கை ஓடவில்லை. நிலையத்துக்கே அடித்தாள், அங்கே திட்டமாட்டார்கள்.

“நீங்க அவருக்கு என்ன வேணும்?” என்றது ஓர் ஆண்குரல், எதையோ மென்றபடி.

“கீழ்வீடு. பேச்சுவார்த்தை இல்ல.”

“பேச்சுவார்த்தையே இல்லாதவரு எட்டு மணிக்கு எறங்கலன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?”

எப்படித் தெரியும்... அவர் நாற்காலி இழுப்பது, இருமுவது, செருப்பு மாற்றுவது, எல்லாம் தெரியும்தான், அதை எப்படிச் சொல்வது. “நேத்து சாயங்காலம் குழாயத் தட்டினாரு, அப்புறம் ரேடியோ தவிர சத்தமே இல்ல,” என்றாள். மெல்லுவது நின்றது. “அம்மா, ஃபோன வைங்க. வச்சிட்டு உடனே 112 அடிங்க, நானும் ஆள் அனுப்பறேன்.” 112இல் எந்தத் தெரு, எந்த மாடி, மூச்சுச் சத்தம் கேட்கிறதா என்று வரிசையாகக் கேட்டார்கள், யாரும் திட்டவில்லை, திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்போல.

தீயணைப்புக்காரர்கள் கதவை உடைத்தார்கள். குளியல் தொட்டிக்கும் சுவருக்கும் நடுவே கிடந்தார், இடுப்பெலும்பு முறிந்து, கையில் இரும்புக் குவளை, உயிர் இருந்தது. குறிப்பேட்டோடு வந்த போலீஸ்காரர், “உங்களுக்கு எப்பத் தெரிஞ்சுது?” என்று கேட்டார், “காலையில,” என்றாள், அவர் எழுதிக்கொண்டார், அவ்வளவுதான். ஸ்ட்ரெச்சர் அவள் வாசலில் திரும்ப முடியாமல் நின்றபோது பெங்கோ கண்ணைத் திறந்தார், உதடெல்லாம் வெடிப்பு.

“நீ திருப்பித் தட்டினியே இஸ்க்ரா... சரி, கேட்டுடுச்சு, நீ வந்துடுவேன்னு கெடந்தேன். ஏம்மா இவ்வளவு நேரம்?”

“நம்பர் தேடிட்டிருந்தேன்,” என்றாள்.

அவர் தலையசைத்தார், நம்பினாரா, வலியா, அதற்குள் கீழே கொண்டுபோய்விட்டார்கள். அவள் கதவைப் பிடித்தபடி நின்றாள், நேற்று அந்தத் தட்டல் நின்றதும் ஒரு கணம், கரண்டி கையிலிருக்கும்போதே, ஏன் இப்படிச் சட்டென்று நிறுத்திவிட்டார் என்று தான் நினைத்தது இப்போதுதான் ஞாபகம் வந்தது, நினைத்தாளா... இல்லை, இப்போதுதான் நினைக்கிறாளா.