பச்சை சாஸில் என்ன இருக்கிறது?

துணை மேலாளர் ஆன நாளிலிருந்து அவன் நாற்காலியில் உட்காருவதில்லை, அமர்கிறான். குளியலறை ஓடு விற்கும் கம்பெனிதான் என்றாலும் பதவி பதவிதானே. அந்தப் பதவியைக் கொண்டாடத்தான் அக்கா குடும்பத்தை இந்த உணவகத்துக்கு அழைத்து வந்திருந்தான்.

உணவகம் என்றால் லேசுப்பட்டதல்ல. பெரிய கண்ணாடிக் கதவு, மூடியில்லாமல் தொங்கும் பல்புகள், வேண்டுமென்றே பூசாமல் விட்ட செங்கல் சுவர்.

"பாவம், பூசுறதுக்குள்ள கொத்தனார் ஓடிட்டான் போல மாப்ளே," என்றார் அத்தான்.

"அது ஸ்டைல் அத்தான். மெதுவா பேசுங்க."

அவன் இங்கே ஏற்கெனவே ஒருமுறை வந்ததுண்டு. முதலாளியின் பையைத் தூக்கிக்கொண்டு, வாசல் சோபா வரைக்கும். வீட்டில் சொல்லி வைத்திருந்தது வேறு: "நம்மளப் பாத்தா அங்க எழுந்து நிப்பாங்க."

அக்காவுக்கு வெளியே சாப்பிடுவதென்றால் போலீஸ் விசாரணை மாதிரி. அவள் மகள் வாலுவுக்கு முந்திரி ஆகாது. ஒருமுறை யாரோ கொடுத்த ஒரு துண்டு கேக்கில் முகம் உப்பி, மூச்சு திணறி, எமன் வாசல்வரை போய்த் திரும்பிய பிள்ளை. அன்றிலிருந்து அக்காவின் கைப்பையில் ஊசி மருந்து இல்லாத நாளில்லை. எந்தக் கடைக்குப் போனாலும் சமையல்காரரை வெளியே வரவழைத்து, எண்ணெயிலிருந்து கரண்டிவரை துருவித் துருவிக் கேட்பாள். பக்கத்து மேசைக்காரர்கள் சாப்பாட்டை விட்டுவிட்டு வேடிக்கை பார்ப்பார்கள்.

துணை மேலாளருக்கு அதை நினைத்தாலே கூசியது.

"அக்கா, இங்க வந்து உன் விசாரணைய ஆரம்பிச்சுடாத. நானே தனியா கேட்டுக்கிறேன். நமக்குப் பழக்கமான இடம்."

"மறந்துட மாட்டியேடா?"

"என்கிட்டயேவாக்கா!"

கேட்கத்தான் போனான். கறுப்பு ஏப்ரன் கட்டிய வெயிட்டர் ஓர் ஓரமாக நின்றிருந்தார். இவன் வாயைத் திறப்பதற்குள் அவரே கேட்டார்: "முதல் தடவையா வர்றீங்களா சார்?"

அந்த ஒரு கேள்வியில் ஆள் விழுந்தான்.

"சேச்சே! அடிக்கடி வர்றவன்தான்."

"அப்போ எங்க பச்சை சாஸ் சிக்கன் பத்திச் சொல்லவே வேண்டாம்."

"அது தெரியாமலா! பிள்ளைக்குக்கூட அந்தச் சிக்கனையே குடுங்க."

தெரியும் என்று மார்தட்டிய வாயால், அதில் என்ன இருக்கிறது என்று எப்படிக் கேட்பது? திரும்பிவிட்டான்.

"கேட்டியா?"

"கேட்டாச்சு. ஒண்ணும் இல்லையாம்."

சூப் வந்தது. குடிக்காமல் கரண்டியால் கலக்கிக்கொண்டே இருந்தான். பெரும்பாலும் முந்திரி இருக்காது, இலையை அரைத்திருப்பார்கள், பச்சை என்றால் இலைதானே என்று தனக்குத்தானே வக்கீல் வைத்து வாதாடினான். வக்கீலின் குரலே நடுங்கியது.

தட்டு வந்தது. நடுவில் விரல் அகலச் சிக்கன். சுற்றிலும் பச்சைக் குளம். வாலு கரண்டியை எடுத்தாள்.

துணை மேலாளர் தண்ணீர் டம்ளரைத் தட்டிவிட்டான். தட்டு மூழ்கியது.

"என்ன மாப்ளே, பதவி வந்ததும் கை நிக்க மாட்டேங்குதா?" அத்தான் சிரித்தார்.

அவனும் பல்லைக் காட்டினான். தப்பித்தோம் என்று ஒரு மூச்சு விட்டான். விட்ட மூச்சை உள்ளே இழுப்பதற்குள் வெயிட்டர் பறந்து வந்து, "கவலைப்படாதீங்க சார், புதுசா ஒண்ணு கொண்டு வர்றேன். பாப்பாவுக்கு சாஸ் இன்னும் கொஞ்சம் கூடவே," என்று தட்டைத் தூக்கிக்கொண்டு போனார்.

இதற்குமேல் இருப்புக் கொள்ளவில்லை. "கை கழுவிட்டு வந்துடறேன்," என்று எழுந்து, கழிவறைப் பக்கம் போவதுபோல் போய், சமையலறைக் கதவோரம் வெயிட்டரை மடக்கினான்.

"அந்த சாஸ்ல... முந்திரி கிந்திரி ஏதாவது?"

கேட்டே விட்டான். இவ்வளவுதானா? நாலைந்து சொல். வானம் இடிந்து விழவில்லை, யாரும் சிரிக்கவும் இல்லை.

வெயிட்டர் மட்டும் சிரிப்பை நிறுத்தினார். "யாருக்காவது ஆகாதா சார்?"

"பிள்ளைக்கு."

"முந்திரி அரைச்சுத்தான் சார் செய்யறோம். புதுத் தட்டு இப்பத்தானே மேசைக்குப் போச்சு!"

அவன் ஓடினான். பளிங்குத் தரையில் கால் வழுக்கியது. யாருடைய நாற்காலியோ சாய்ந்தது. தூரத்தில் வாலு சப்புக்கொட்டிக்கொண்டிருந்தாள்.

"துப்புடி! வாலு, துப்பு! அதுல முந்திரி இருக்கு!"

மொத்த உணவகமும் திரும்பிப் பார்த்தது. அவன் மட்டும் யாரையும் பார்க்கவில்லை. விரலை விட்டு அவள் வாயிலிருந்ததைத் தோண்டி எடுத்தான். வாலு அழ ஆரம்பித்தாள். அழுகை பாதியில் இருமலாயிற்று. உதடு கண்முன்னே தடித்தது.

"கேட்டுட்டேன்னு சொன்னியேடா?" அக்காவின் கை அதற்குள் பைக்குள் போயிருந்தது.

"கேக்கலக்கா."

அவள் அவனைப் பார்க்கவில்லை. பார்க்க நேரமில்லை. பிள்ளையின் கவுனைக்கூட விலக்காமல் தொடையில் ஊசியைக் குத்தி அழுத்திப் பிடித்தாள். அத்தான் போனில் ஆம்புலன்ஸ்காரரிடம் கத்திக்கொண்டிருந்தார். அவர் இப்படிக் கத்தி அவன் கேட்டதேயில்லை.

உணவகத்தின் மேனேஜர் கோட்டைச் சரிசெய்தபடி வந்து அவன் காதருகே குனிந்தார். "சார், பிள்ளைய அந்தப் பக்கவாசல் வழியா தூக்கிட்டுப் போனீங்கன்னா... மத்த கஸ்டமர்ஸ் சாப்பிட்டுட்டிருக்காங்க..."

துணை மேலாளர் அந்த முகத்தைப் பார்த்தான். நன்றாகச் சவரம் செய்த, பிள்ளையைவிடப் பேருக்குப் பயப்படுகிற முகம். கண்ணாடியில் பார்ப்பது போலிருந்தது. அவரைத் தள்ளிவிட்டு, முன்வாசல் கண்ணாடிக் கதவை அகலத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றான். அவ்வளவுதான் அவனால் செய்ய முடிந்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டார்: "என்ன சாப்பிட்டா? முந்திரி இருக்குன்னு முன்னாடியே தெரியாதா?"

அத்தான் தரையைப் பார்த்தார். இந்தமுறை பதில் சொல்ல அவனுக்கு யோசிக்க வேண்டியிருக்கவில்லை.

"பச்சை சாஸ். நான்தான் கேக்காம ஆர்டர் பண்ணினேன். கேட்டேன்னு அக்காகிட்ட பொய் சொன்னேன்."

டாக்டர் அவனை ஏற இறங்கப் பார்த்தார். "ஊசிய உடனே போட்டதால பிழைச்சா. ஆனா மூச்சுத் திணறல் மறுபடி வரலாம். காலைவரைக்கும் யாராவது கண்ணு மூடாம பாத்துக்கணும்."

வாலு தூங்கிப்போனாள். உதட்டு வீக்கம் இன்னும் வடியவில்லை. மூச்சில் ஒரு சின்ன விசில் சத்தம். ஒவ்வொரு விசிலுக்கும் அடுத்ததற்கும் நடுவில் அவன் செத்துப் பிழைத்தான்.

"அக்கா, நீ கொஞ்சம் சாஞ்சுக்கோ. நான் முழிச்சிருந்து பாத்துக்கிறேன்."

சொன்ன பிறகுதான், உணவகத்திலும் தான் இதே குரலில் பேசியது அவன் காதில் விழுந்தது.

அக்கா நாற்காலியை இழுத்து, கட்டிலுக்கும் அவனுக்கும் நடுவில் போட்டு உட்கார்ந்தாள்.

"நீ வீட்டுக்குப் போ தம்பி," என்றாள், திரும்பாமல்.

அவன் போகவில்லை. அவள் முதுகுக்குப் பின்னால், சுவரோரம் நின்றபடி, விசில் சத்தத்துக்குக் காது கொடுத்துக்கொண்டிருந்தான்.