பெரியவள் பேசிய கூட்டம்

பெரியவள் கடல் தாண்டிப் போய் மூன்று வருடமாகிறது. தாமிரச் சுரங்கத்தில் பாறைகளை ஆராயும் வேலை. வாரம் ஒருமுறை வீட்டுக்குப் பேசுவாள். "நல்லாயிருக்கேன்மா, சாப்பிட்டேன்மா, தூக்கம் வருதும்மா." அவ்வளவுதான். பேச்சு முடிந்த பிறகும் அம்மா போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

சின்னவள் அக்கா படித்த அதே கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. அக்கா தோழிகளோடு சேர்ந்து தொடங்கிய எரிசக்தி, கனிமவள மாணவர் மன்றத்துக்கு இப்போது இவள்தான் செயலாளர். மின்நிலையம், சுரங்கம், காற்றாலை என்று வேலைக்குப் போகத் துடிக்கிற இளங்கலை மாணவர்கள் அங்கே கூடுவார்கள். அந்தத் துறைகளில் இருக்கும் யாரையாவது அழைத்துப் பேச வைப்பார்கள். இந்த முறை பெரியவளைத் திரையில் பேச வைக்கலாம் என்றான் மன்றத் தலைவன். பேச்சாளர் கொஞ்சம் இழுத்தாலும் கடிகாரத்தைத் தட்டிக் காட்டுவதால் அவனுக்கு 'மீட்டர்' என்று பெயர்.

விஷயத்தைச் சொன்னதும் அம்மா, "நானும் வரட்டுமா?" என்றாள்.

"அது பசங்க கூட்டம்மா. பாறை, பம்புன்னு பேசுவாங்க. உனக்கு போரடிக்கும்."

"அடிக்கட்டுமே. பெரிய திரையில முகம் பெருசாத் தெரியுமில்ல? நான் இருக்கேன்னு மட்டும் அவகிட்ட சொல்லாதே. சொன்னா வாயைத் திறக்கமாட்டா."

மருந்துக் கடை வேலைக்கு அரை நாள் லீவு சொல்லிவிட்டு, கல்யாணத்துக்குப் போகிறவள் மாதிரி உடுத்திக்கொண்டு அம்மா வந்தாள். கடைசி வரிசையில், கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

முதலில் படம் வந்தது, குரல் வரவில்லை. மீட்டர் ஒயரைப் பிடுங்கி மறுபடி செருகினான். கன்னம் ஒட்டிப்போய், நெற்றியில் தலைக்கவசத்தின் தடத்தோடு பெரியவள் திரையில் சிரித்தாள். பிறகு மடை திறந்த வெள்ளமாகப் பேசினாள். நிலத்தடியில் அடிக்கும் வெக்கை, துளையிட்டு எடுத்த பாறைத் துண்டில் தாமிரம் மினுங்குவது, சீட்டாட்டத்தில் ஏமாற்றும் அறைத்தோழி. வீட்டில் ஒருநாளும் சொல்லாத கதைகள். அம்மா இமைக்காமல் பார்த்தாள்.

முன்வரிசைப் பெண் ஒருத்தி கேட்டாள்: "என்னிக்காவது பயந்திருக்கீங்களா அக்கா?"

"ஒரு தடவை. பம்பு நின்னுபோய் தண்ணி ஏற ஆரம்பிச்சுது. பாதுகாப்பு அறைக்குள்ள போய்க் கதவைச் சாத்திக்கிட்டோம். எங்களை மேல கொண்டுவர மறுநாள் ஆயிடுச்சு. வந்ததும் முதல்ல வீட்டுக்குத்தான் போன் பண்ணேன்."

"வீட்ல பதறியிருப்பாங்களே?"

"தூக்கம் வருதுன்னு மட்டும் சொன்னேன்."

சின்னவள் திரும்பிப் பார்த்தாள். அம்மா கையைத் தூக்கியிருந்தாள்.

மீட்டர் வழக்கம்போல, "எந்தத் துறை, எந்த வருஷம்னு சொல்லிட்டுக் கேளுங்க" என்று மைக்கைக் கொடுத்தனுப்பினான்.

"துறையெல்லாம் இல்லப்பா. நான் பேசுறவளோட அம்மா."

எல்லோரும் சிரித்தார்கள். திரையில் இருந்தவள் அசையாமல் போனதைப் பார்த்து, நெட் போய்விட்டதென்று சிலர் நினைத்தார்கள்.

"அம்மா?"

"நான்தான். அன்னிக்கு உள்ளதைச் சொல்லியிருந்தா நான் என்ன செஞ்சிருப்பேன்னு நெனச்சே?"

"வந்துடுன்னு அழுதிருப்பே. நானும் வந்திருப்பேன்மா. வந்துடணும்னு எனக்கு அவ்வளவு ஆசையா இருந்துச்சு. அதான் சொல்லல."

மீட்டர் கடிகாரத்தைத் தொடவே இல்லை.

திரும்பும்போது பஸ்ஸில் அம்மா டிக்கெட்டை மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள். பிறகு, "நீயும் போகப்போறவதானே?" என்றாள்.

மலைமேல் இருக்கும் நீர்மின் நிலையத்தில் சின்னவளுக்குப் பயிற்சிக்கு இடம் கிடைத்திருந்தது. சொல்ல வாய் வராமல் வைத்திருந்தாள். "ஆமாம்மா. லீவு முழுக்க."

"போ. ஆனா பயமா இருந்தா பயமா இருக்குன்னு சொல்லு. நீ அழுதா கூடவே நானும் அழறேன். வேற என்ன என்னால முடியும்?"

சின்னவள் மலையில் இருந்தபோதுதான் பெரியவளுக்குத் திடீரென்று லீவு கிடைத்தது. ஒரே ஒரு வாரம். அதே வாரம், பல வருடங்களுக்கு ஒருமுறை நடக்கிற பழுதுபார்ப்புக்காக டர்பைனைக் கழற்றினார்கள். வீட்டுக்குப் போவதா, நிற்பதா என்று தவித்து, போனில் அக்காவையே கேட்டாள்.

"லூசு, இருந்து பாத்துட்டு வா" என்றாள் பெரியவள். போனை வைக்குமுன், "நானா இருந்தா வந்திருக்கமாட்டேன்டி. ஆனா நீ வந்தா நல்லா இருக்கும்" என்றாள்.

சின்னவள் நின்றாள். கழற்றி வைத்த சக்கரத்தின் இதழ்களைத் தொட்டுப் பார்த்தாள். அன்று அவளுக்கு இருந்த சந்தோஷத்தில் சோறு இறங்கவில்லை. சந்தோஷம் மட்டும்தானா என்றும் தெரியவில்லை.

அவள் வீடு வந்து சேர்ந்தபோது பெரியவள் முந்தின நாளே கிளம்பியிருந்தாள்.

"பேசிப் பேசித் தொண்டை கட்டிப்போச்சு அவளுக்கு" என்று அம்மா அடுப்படியிலிருந்து சொன்னாள். "படுக்கையை நான் இன்னும் தட்டிப் போடல."

சின்னவள் அக்கா படுத்திருந்த பக்கமாகப் போய்ப் படுத்தாள். தலையணையில் இந்த வீட்டில் யாரும் போடாத ஏதோ ஒரு சோப்பின் வாசனை. முகத்தை அதில் புதைத்துக்கொண்டாள். அம்மா சாப்பிட வரச்சொல்லிக் கூப்பிட்டாள். அவள் எழுந்திருக்கவில்லை.