கருமாப்பட்டியில் அச்சு முறிந்த வீடு

காரின் பின்னால் இழுத்துச் செல்லும் சக்கர வீடு கருமாப்பட்டி எல்லைக்குள் பழுதாகி நின்றால், அதைச் சுற்றி உடனே ஒரு தெரு உண்டாகிவிடும். இருட்டுவதற்குள் கிளம்பாதவர்களுக்குச் சொந்த ஊர் மறந்துவிடும். வேதநாயகியின் சக்கர வீடு காலையில் அச்சு முறிந்து அங்கே நின்றது. அவள் இறங்கிப் பார்ப்பதற்குள் பால்காரர் வந்து, "தினமும் எவ்வளவுங்க ஊத்தணும்?" என்று கேட்டார்.

வெல்டிங் பட்டறை அருளப்பன் குனிந்து பார்த்தான்.

"நான் வண்டி வேலைதான் பார்ப்பேன் அக்கா. இது வீடு. கொத்தனாரைக் கூப்பிடுங்க."

கொத்தனார் வந்தார். "சக்கரம் இருக்கிற வரைக்கும் இதை வீடுன்னு எப்படிம்மா சொல்றது?"

இருவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது.

மதியம் ஒரு கட்சியைச் சேர்ந்தவர்கள் வந்து வாசலில் கொடிக்கம்பம் நட்டார்கள். ஜெயித்தால் அவள் ஊரான மதுரைக்குச் சாலை போட்டுத் தருவதாக வாக்குக் கொடுத்தார்கள். அந்தச் சாலையில்தான் அவள் வந்திருந்தாள். ஆனாலும் நன்றி சொன்னாள். அவள் கணவன் சபாபதியைப் போட்டியின்றித் தெருச் சங்கத் தலைவராக்கி மாலை போட்டார்கள்.

வெயில் சாயும்போது அவன் சொன்னான்: "இன்னைக்கே போகணுமா? நம்ம தெருவுக்கு இன்னும் சாக்கடையே வரலையே."

'நம்ம தெரு' என்றதுமே அவனுக்கு ஊர் மறக்கத் தொடங்கிவிட்டது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. நேரே பட்டறைக்குப் போனாள்.

"தம்பி, கொடிக்கம்பம் பத்தவைப்பீங்களா?"

"அது எனக்கு அன்றாட வேலை அக்கா. நிமிர்த்தியா, படுக்கையாவா?"

"படுக்கையா. அந்த அச்சோட சேர்த்து."

கொடியைக் கழற்ற அவனுக்குத் துணிவில்லை. கொடியோடு சேர்த்தே பற்றவைத்தான். "வீடு வரைக்கும் தாங்கும். பள்ளத்துல மட்டும் மெதுவா விடுங்க."

சபாபதி வண்டியில் ஏறுவதாக இல்லை.

"தலைவரே, சுற்றுப்பயணம் போகணும்," என்றாள்.

உடனே ஏறிக்கொண்டு ஜன்னல் வழியே கை கூப்பினான். வழியெல்லாம் கொடி தரையில் புரண்டுகொண்டே வந்தது. சோதனைச் சாவடியில் காவலர்கள் அதற்கு விறைப்பாக சல்யூட் அடித்தார்கள்.

மதுரையில் அவர்கள் வீடு இருந்த இடம் வெறும் மனையாகக் கிடந்தது. பக்கத்து வீட்டு ரஹ்மத் அக்கா காய்ந்த துணிகளை எடுத்துக்கொண்டிருந்தாள்.

"உங்க வீடா? காலையிலதான் கொடைக்கானலுக்குக் கிளம்புச்சு. திங்கக்கிழமை வந்துருவேன்னு சொல்லிட்டுத்தான் போச்சு."

"ஸ்வெட்டர் எடுத்துட்டுப் போச்சா அக்கா?" என்று கேட்டாள் வேதநாயகி.