கதவோர நாற்காலி

1

இந்தக் கதை ஒரு கட்டுரையாகத்தான் பிறந்தது. நாள்பட்ட சைனஸ் நோயால் வேலைத்திறன் எவ்வளவு குறைகிறது என்று ஒரு பத்திரிகைக்கு எழுதித் தரச் சொன்னார்கள். "உலகெங்கும் உழைக்கும் மக்களில்..." என்று ஆரம்பித்தேன். (அடித்துவிட்டேன். எனக்கே கொட்டாவி வந்தது.) பக்கத்து அறையில் அக்கா மூக்கைச் சிந்தினாள். இவளை வீட்டில் வைத்துக்கொண்டு உலகத்தைத் தேடுவானேன்?

2

அக்கா ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் மற்றவர்களின் ஆஸ்பத்திரி பில்களைச் சரிபார்க்கிறாள். சைனஸ் ஆபரேஷன் பில்களைக்கூட அவள்தான் பாஸ் பண்ணுகிறாள். தன் மூக்குக்கு மட்டும் ஆவியும் மாத்திரையும். நெற்றி கனக்கும், கன்னம் வலிக்கும். ஆனாலும் ஒரே பில்லை இரண்டு முறை நுழைத்தவனைப் பிடித்துவிடுவாள். லீவு போட்டால் கணக்கில் வரும். பாதித் தலையோடு வேலை பார்ப்பது எந்தக் கணக்கிலும் வராது. அந்தப் பாதித் தலைக்கு நான் பரம ரசிகன்.

இத்தனை வருடமும் அவள் இடம் கதவோரம். ஏசி எட்டாது, வெயில் எட்டும். யாருக்கும் வேண்டாத அந்த நாற்காலியில் அவள் மூக்கு ஓரளவு அடங்கிக் கிடந்தது. நன்றாக வேலை செய்கிறாள் என்று குழுத் தலைவியாக்கினார்கள். அந்த ஆபீஸில் பதவி ஏற ஏறக் குளிரும் ஏறும். மேலாளர் பெரிய மனசு பண்ணி, ஏசிக்கு நேர் கீழே இருக்கும் கண்ணாடி அறையைக் கொடுத்தார்.

3

அக்கா அந்த அறையில் உட்கார்ந்து அழுதாள்.

"நான் எங்கடா அழுதேன்? கண்ணுல தண்ணி வந்துச்சு. அது சைனஸ்," என்றாள் அக்கா, என் தோளுக்குப் பின்னால் நின்று படித்தபடி.

(சரி, அழவில்லை.) சால்வையைத் தலையோடு போர்த்திக்கொண்டு வேலை பார்த்தாள். ஆனாலும் வேலை தேங்கியது. நாளைக்கு மேலாளர் கூப்பிட்டிருக்கிறார். பதவி போகலாம்.

"ஏசியக் கொறைக்கச் சொல்லேன்க்கா."

"மொத்த மாடிக்கும் ஒரே ஏசிடா. பழைய எடத்தக் கேட்டா, முடியாம எறங்கிட்டான்னு சொல்லுவாங்க. நோயாளின்னு முத்திரை வேற."

4

முடிவு ஒன்று: பதவியை விட்டுவிட்டுக் கதவோர நாற்காலிக்கே நிம்மதியாகத் திரும்புகிறாள்...

முடிவு இரண்டு: தன் தவறை உணர்ந்த மேலாளர் கண்கலங்கி... (அவருக்கும் சைனஸோ?)

அக்கா பேனாவைப் பிடுங்கி இரண்டையும் அடித்தாள்.

"ரெண்டுலயும் நான் வாயே தொறக்கல. ஒண்ணுல நீ முடிவு பண்ற, இன்னொண்ணுல அவரு."

"சரி, நீ என்னதான் சொல்லப்போற?"

"மூக்கு இப்படின்னு சொல்லுவேன். பதவி எனக்கு வேணும், நாற்காலி மட்டும் கதவோரம் போடுங்கன்னு கேப்பேன். கெஞ்ச மாட்டேன்."

மூக்கடைத்த குரலில்தான் சொன்னாள். எனக்குப் பெருமையாக இருந்தது.

அவள் கேட்டுவிடுவாள், அது எனக்குத் தெரியும். பதிலை எழுத எனக்குத் தகுதியில்லை. யாருக்கு எந்த நாற்காலி என்று நான் எந்த ஆபீஸிலும் முடிவு செய்ததில்லை. நீங்கள் செய்திருக்கலாம். அக்கா உங்கள் மேஜைக்கு முன்னால் நிற்கிறாள். சொல்லுங்கள்.