திருப்பிச் சொல்லும் எடை

சாலை பஜாரில் அரிசி மொத்தக் கடை ஒன்றில் தாணுமாலையன் எடை போடுகிறவன். மேடைத் தராசில் மூட்டை ஏறியதும் அவன் எடையைக் கூவ வேண்டும், சுமக்கிறவன் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். ஐம்பது கிலோ இருநூறு கிராமுக்கு இவன் "ஐம்பது இருநூறு" என்றால் பதிலுக்கும் "ஐம்பது இருநூறு" வர வேண்டும். பதில் வராத மூட்டையைத் தராசை விட்டு இறக்கக் கூடாது. யூனியன்காரர்கள் அடித்துக்கொண்ட நாட்களில்கூட யாரும் இந்த வழக்கத்தை மீறியதில்லை. இருபது வருஷமாக அவனுக்குத் திருப்பிச் சொன்ன குரல் தம்பி வீரபாண்டியுடையது.

அந்தத் தம்பி இப்போது கரமனையில் வாடகை வீட்டில் படுத்துக் கிடக்கிறான். ஈரல் போய்விட்டது. ஒரு சொட்டுக் குடித்தவனில்லை. காமாலைக் கிருமி எப்போதோ உள்ளே புகுந்து சத்தமில்லாமல் தின்றிருக்கிறது. கையும் காலும் குச்சியாகி, வயிறு மட்டும் நீர் கோத்துக் குடம்போல நிற்கிறது. வேறொருவர் ஈரலில் பாதியை வெட்டி வைத்தால் பிழைப்பான் என்றார்கள். ரத்தம் பொருந்தியது தாணுமாலையனுக்கு மட்டும்தான்.

ஆனால் அவன் நூற்றிரண்டு கிலோ இருந்தான். அவனும் ஒரு காலத்தில் சுமந்தவன்தான். முதுகெலும்புத் தட்டு நழுவிய பிறகு தராசுக்கு வந்து உட்கார்ந்தான். சுமையை இறக்கினானே தவிர, சுமைக்காரன் சோற்றை விடவில்லை. ஈரல் முழுக்கக் கொழுப்பு என்று படம் பார்த்துச் சொன்னார் டாக்டர். இப்படியே வெட்டி வைத்தால் அங்கேயும் வேலை செய்யாது, இங்கே மிச்சமிருப்பதும் தாங்காது, ஒரே வீட்டில் ரெண்டு சாவு விழும் என்றார். எண்பதுக்குக் கீழே வா, அப்புறம் பேசலாம்.

வந்தான். ஏழு மாதம் வேகவைத்த பயறும் வெள்ளரிக்காயும் தின்று, விடியற்காலையில் கோட்டையைச் சுற்றி நடந்து, எழுபத்தொன்பது அறுநூறுக்கு வந்தான். அன்று தராசின் மேல் நின்றபடியே தம்பிக்குப் போன் போட்டு எடையைக் கூவினான். வீரபாண்டி திருப்பிச் சொன்னான், அழுதுகொண்டே. அதிலிருந்து அது தினசரி வழக்கமாயிற்று. கடை திறந்ததும் இவன் தராசில் ஏறுவான், போன் வரும், இவன் சொல்வான், அவன் திருப்பிச் சொல்வான்.

குறைத்தது ஒரு வெறியில் நடந்துவிட்டது. குறைத்த எடையைப் பிடித்து நிறுத்துவதுதான் ஆளைக் கொன்றது. ஆபரேஷனுக்கு நாள் குறித்தார்கள். தம்பியின் வயிற்று நீரில் கிருமி என்று தள்ளிவைத்தார்கள். அடுத்த நாள் குறித்தார்கள், காய்ச்சல். இப்படியே ஐந்து மாதம். குறைக்கிறபோது நாளுக்கு நாள் எண் இறங்கும், அதுவே ஒரு தெம்பு. இப்போது எண் நகரவே கூடாது. நகராத எண்ணுக்காக எத்தனை நாள் பட்டினி கிடப்பது?

இதற்குள் பழைய ஆள் திரும்ப வந்துவிட்டான். தாணுமாலையன் அப்படித்தான் நினைத்தான். நூற்றிரண்டு கிலோக்காரன் எங்கேயும் போகவில்லை, பக்கத்தில்தான் நின்றுகொண்டிருக்கிறான். குளிக்கிறபோது வயிற்றில் தொங்குகிற தோலைப் பிடித்துப் பார்ப்பான். அரிசி கொட்டிய பிறகு மடிந்து கிடக்கிற வெறும் சாக்கு மாதிரி இருந்தது. யாருக்காகவோ வாய் திறந்து காத்திருந்தது. காலை பதினொரு மணிக்கு, சுமக்கிறவர்கள் சாப்பிடப் போகிற அந்த நேரத்துக்கு, முப்பது வயதில் இருந்த அதே பசி வந்து முதுகில் ஏறி உட்காரும். கால் தானாக டீக்கடைக்கு நடக்கும். வாழைப்பழத்தை மாவில் முக்கிப் பொரித்த பழம்பொரி ஒன்று. பிறகு இரண்டு. ஒருநாள் புரோட்டாவைப் பிய்க்கிற கை யாருடையது என்று பார்த்தபோது அது தன் கைதான் என்று தெரிந்து, வாயில் இருந்ததைத் துப்பவும் முடியாமல் விழுங்கினான். மனைவி கோமதி பயற்றை எண்ணி எண்ணிப் போடுகிறவள். அவளுக்கு இது தெரியாது.

எடை போடுகிறவனுக்குக் கழிக்கத் தெரியும். மூட்டையிலிருந்து சாக்கின் எடையைக் கழிக்காமல் யாரும் அரிசி விற்பதில்லை. முதல் தடவை எண்பது முந்நூறு காட்டியபோது சட்டை, பெல்ட், சாவிக்கொத்து என்று எழுநூறு கழித்தான். அதில் தப்பில்லை. அடுத்த வாரம் செருப்பையும் குடித்த தண்ணீரையும் கழித்தான். அதற்கடுத்து, காலையில் தின்றது இன்னும் உடம்போடு சேரவில்லை என்று அதையும் கழித்தான். இப்படியே நாற்பது நாள். காட்டுகிற எண் என்னவானாலும் போனில் சொல்கிற எண் எழுபத்தொன்பது அறுநூறுதான். வீரபாண்டியும் ஒரு நாள் தவறாமல் திருப்பிச் சொன்னான். திருப்பிச் சொன்ன எடை முடிந்த எடை, அதன் பிறகு கேள்வி கிடையாது.

ஆனால் அந்தக் குரல் போனை வைத்த பிறகும் போகவில்லை. பகலில் வேறு யாரோ மூட்டை ஏற்றுகிறபோதும், இவன் கூவி முடித்ததும், சுமக்கிறவன் வாய் திறக்குமுன் எழுபத்தொன்பது அறுநூறு என்று காதுக்குள் கேட்டது. ஆள் உயிரோடு கரமனையில் கிடக்கிறான். செத்தவன் குரல் கேட்பதைவிட இது மோசமாக இருந்தது.

அன்று வியாழக்கிழமை. திங்கட்கிழமை இரண்டு பேருக்கும் கடைசி ஸ்கேன். இந்தத் தடவையும் தள்ளிப்போனால் இன்னொரு நாள் குறிக்க அவசியம் இருக்காது என்று டாக்டர் பட்டென்று சொல்லியிருந்தார். தாணுமாலையன் தராசில் ஏறி, போன் வருமுன்னே, வழக்கம்போல எண்ணைப் பார்க்காமல் முனகினான்.

"எழுபத்தொம்பது அறுநூறு."

பின்னாலிருந்து குரல் வந்தது. "எண்பத்தி நாலு அறுநூறு."

திரும்பினான். சுமக்கிற ஷைஜு. லாரி சீக்கிரம் வந்துவிட்டதென்று முதல் மூட்டையோடு நின்றிருந்தான். திருப்பிச் சொல்லிப் பழகிய வாய், தராசில் கண்டதைச் சொல்லியிருக்கிறது.

"அண்ணாச்சிக்குக் கண்ணு தெரியலையோ?" என்றான் ஷைஜு சிரித்தபடி. "அஞ்சு கிலோ விட்டுட்டீங்களே. கடைக்காரன் கேட்டா வேலை போகும், கேட்டோ."

தாணுமாலையன் கீழே பார்த்தான். சிவப்பில் 84.600 எரிந்தது. சட்டை உட்பட, சாவி உட்பட, தின்றது அத்தனையும் உட்பட.

போன் அடித்தது. எடுக்கிறதற்குள் அவன் மனசு கணக்குப் போட்டது. நாலு நாள் தண்ணீர் மட்டும் குடித்தால் இரண்டு கிலோ போகும். மூன்றுகூடப் போகலாம். இன்றைக்கு ஒரு நாள் பழைய எண்ணைச் சொல்லிவிட்டால் தம்பி நிம்மதியாகப் படுத்திருப்பான். எடை போகும், ஆனால் ஈரலுக்குள் இருக்கிற கொழுப்பு போகுமா? ரெண்டு சாவு என்று டாக்டர் விரலைக் காட்டியது ஞாபகம் வந்தது.

"அண்ணே, சொல்லு" என்றான் வீரபாண்டி. மூச்சு வாங்கியது.

"எண்பத்தி நாலு அறுநூறு."

போனுக்குள் கரமனைப் பாலத்தில் பஸ் போகிற சத்தம் கேட்டது. சேலை உரசுகிற சத்தம், வீரபாண்டியின் பெண்டாட்டி சபீனா தலையணையைச் சரிசெய்கிறாள் போல.

"ஏலே, கேட்டுச்சா?"

"கேட்டுச்சு." வீரபாண்டி இருமிவிட்டுச் சொன்னான். "போன ஞாயித்துக்கிழமை நீ என்னத் தூக்கி உக்கார வச்சேல்லா. உன் தோளப் பிடிச்சேன். இருபது வருசம் மூட்டை தூக்கினவன்ணே நான். தொட்டா தெரியாதா?"

"தெரிஞ்சுமாலே திருப்பிச் சொன்ன?"

"பின்ன என்ன செய்ய. நீ பயந்துருவன்னு சொன்னேன். நானும் பயந்துதான் சொன்னேன்."

டாக்டரிடம் நானே போய்ச் சொல்கிறேன், இன்றைக்கே போகிறேன் என்றான் தாணுமாலையன். போனில் தம்பியின் மூச்சு இழுத்து இழுத்து வந்தது. ஷைஜு மூட்டையோடு நின்றான். தலைச்சுமை கழுத்தை அழுத்த, கால் மாற்றி நின்றான். இறங்குங்க அண்ணாச்சி என்று சொல்ல வாய் எடுத்தவன், போனையும் தராசையும் பார்த்துவிட்டு மூட்டையைச் சுவரோரம் சாய்த்தான்.

தாணுமாலையன் இறங்கவில்லை. எடை சொல்லியாகிவிட்டது. தம்பி இன்னும் திருப்பிச் சொல்லவில்லை. போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு, அந்த மூச்சு எண்ணாக மாறும் வரை தராசின் மேலேயே நின்றான்.